மொத எலை

டீ வேண்டாம் அண்ணாச்சி. போன வைங்க, டீக்கடைக்குச் சொல்லாதீய. தண்ணியும் இப்ப வேண்டாம். தாகம் இல்லாமலா இருக்கும், சித்திர வெயிலு மண்டையப் பொளக்கு. சேர்மாதேவியில காலையில ஏழு மணிக்கு பஸ் ஏறுனவ, புது பஸ் ஸ்டாண்டுல எறங்கி நாகர்கோவில் வண்டியப் புடிச்சேன். கண்டக்டரு ஊருக்குள்ள போவாதுன்னுட்டு பைபாஸ்லயே எறக்கி விட்டுட்டான். அங்கன இருந்து நடைதான். இருந்தாலும் வந்த விசயத்தச் சொல்லிட்டுக் குடிக்கேன். நீங்க ஒங்க சோலியப் பாருங்க. அந்தத் தம்பி லோடு ஆட்டோவ நிறுத்திட்டு எம்புட்டு நேரமா நிக்கான், பாவம். டயரக் கழத்துங்க. நான் இந்தப் பழைய டயரு மேலயே உக்காந்துக்கிடுதேன்.

அட, சேல அழுக்கானா தொவைச்சிக்கிடலாம். ஒங்க தங்கச்சி என்ன கலெக்டரம்மாவா?

ஆமா, கொடைக்குக் கூப்புட்டுப் பாக்கு வைக்கத்தான் வந்திருக்கேன். சித்திரக் கடைசிச் செவ்வாய்க்கு இன்னும் பன்னெண்டு நாள்தான கெடக்கு. வெத்தல, பாக்கு, எலுமிச்சம்பழம் எல்லாம் மஞ்சப்பையில இருக்கு. பொறுங்க. எடுக்கணுமா வேண்டாமான்னு பொறவு நீங்களே சொல்லுங்க. ஒண்ணுமில்ல, வெயில்ல வந்தது, என்னமோ ஒளறுதேன். டயரப் பாருங்க.

அது சரி, இது என்னாது, கடை முன்னால இம்புட்டுப் பெரிய பிளக்ஸு? பங்குனியில நான் வந்தப்ப இல்லியே. மருமவன் வச்சதா? நல்லாத்தான் இருக்கு. மேல டிவி நாடகத்துல ஒங்க தாத்தாவா நடிக்கவன் குதிர மேல இருக்கான், மீசைய முறுக்கிக்கிட்டு. கீழ நீங்க, ஸ்பானரும் கையுமா. மாவீரன் பேச்சிமுத்துவின் பேரன் மாரிராஜ் பஞ்சர் கடை. கேலி பண்ணல அண்ணாச்சி, எனக்கும் பெருமதான். ஒங்க தாத்தா எனக்கும் தாத்தா மாதிரிதான. கார நிறுத்தி போட்டா எடுத்துட்டுப் போறாவளா? எடுக்கட்டும், எடுக்கட்டும். அப்படியே டயருக்குக் காத்தும் அடிச்சிட்டுப் போவாவல்லா.

ஆனா அந்தக் குதிரையத்தான் எனக்கு ஆகல. ஒங்க தாத்தா எந்தக் காலத்துல குதிர ஏறுனாவ? களக்காட்டு மலையில ஒத்தையடிப் பாதையில குதிர எங்கன போவும்? ஒளிஞ்சி திரியுத மனுசன் கொள்ளுக்கு எங்க போவான்? நடந்தே அலைஞ்ச ஆளு. ஆளும் கட்ட. மூஞ்சி பூரா அம்மத் தழும்பு. பொம்பளைய ஏறிட்டுப் பாத்துப் பேசமாட்டாவளாம், தரையப் பாத்துக்கிட்டேதான் சோறு இருக்கா தாயின்னு கேப்பாவளாம். இவன் என்னடான்னா கலெக்டரு மவ அந்த வெள்ளக்காரி கூட ஆத்துல பாட்டுப் பாடுதான். அது நம்ம தாமிரவரணியா? கரையில நின்னா தென்னமரத்துக்கு ஊடால கடலு தெரியுது. சேர்மாதேவியில எவன் கடலக் கண்டான்? பேச்சும் மதுரப் பேச்சு. எங்க வீட்டுக்காரரு சொல்லுதாரு, இவன் வழி தப்பி இங்கன வந்து திருடிட்டு இருக்கான்டீன்னு.

அதான் அதான். அதுல நீங்க சொல்லுதது சரி. பஞ்சத்துல பண்ணையாரு நெல்லு வண்டிய மறிச்சி, மூட்டைய அவுத்து ஊரு ஊராக் குடுத்தத நல்லாவே காட்டுனான். ரெண்டு போலீஸ வெட்டுனதையும் காட்டுனான். வெள்ளக்காரன் தலைக்கு வெல வச்சி தப்பட்ட அடிச்சதக் காட்டுனப்ப எனக்கு மேலு புல்லரிச்சிப் போச்சு. நான் ஒரு நாள் விடல அண்ணாச்சி. அடுப்புல பாலு பொங்குனாலும் பொங்கட்டும்னு உக்காந்து பாத்தேன். நம்ம மனுசன் கதைல்லா.

நேத்தைக்குப் பாத்தீயளா? கரண்டு போயிட்டா. அப்ப நாடகம் முடிஞ்ச பொறவு மறுநாளு வாரதக் கொஞ்சம் காட்டுனானே, அதையும் பாக்கல. ம். அதான் வந்த ஒடனே செல்லக்கிளி டீ குடின்னு சொல்லுதீய.

ஏன் அப்படிச் சொல்லுதன்னா... பொறுங்க, எனக்கு வரிசையாச் சொன்னாத்தான் வரும். ஊடால ஊடால கேக்காதீய.

அந்த ஜாபேஸு பயல ஞாபகம் இருக்கா? இந்த நாடகத்துக்குக் கதை எழுதுதவன். போன வருசம் வந்தாம்லா, கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒல்லியா. பெறந்தது பாளையங்கோட்ட, இப்ப மெட்ராஸ்ல இருக்கேன்னான். நீங்கதான வழி சொல்லி அனுப்புனீய, எங்க தாத்தாவுக்குக் கடைசிச் சோறு போட்ட வீடு, அங்கன போயிக் கேளுங்கன்னு. ஒங்களக் குத்தஞ் சொல்லல அண்ணாச்சி. நல்ல மனசுலதான் அனுப்புனீய.

மூணு நாளு வந்தான். மொத நாளு மோரு குடிச்சிட்டுப் போனான். ரெண்டாம் நாளு அடுப்படி வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்து வெங்காயம் உரிச்சிக் குடுத்தான்னா பாத்துக்கிடுங்க. எங்க வீட்டுக்காரரு முப்பது வருசத்துல ஒரு வெங்காயம் தொட்டதில்ல. யக்கா யக்கான்னு அம்புட்டுப் பாசம். கேக்கதும் எப்படிக் கேப்பான்னா, நம்ம வாயையே பாத்துக்கிட்டு இருப்பான். நான் ஒண்ணு சொன்னா, பொறவு என்னாச்சு யக்கான்னு கேக்க எங்க வீட்டுல யாரு இருக்கா? எம் மவ போனத் தடவிக்கிட்டே ம்ங்கா. இவரு வெளிய பாத்துக்கிட்டே ம்ங்காரு. அம்பத்தாறு வயசுல எனக்கு ஒருத்தன் காது குடுத்தான் அண்ணாச்சி. மயங்கிட்டேன். வெக்கத்த விட்டுச் சொல்லுதேன், அந்தக் காதுக்கு மயங்கிட்டேன்.

எதத் தெரிஞ்சிக்கிடணும்னு வந்தானோ, அத மொத நாளே கேட்டுட்டான். யக்கா, கொடை அன்னைக்கு நீங்க மாரிராஜ் அண்ணாச்சிக்குச் செய்யுதது ஒவ்வொண்ணும் வித்தியாசமா இருக்காமே, அது ஏன்னான்.

நமக்கு அது பழகிப் போச்சு, வித்தியாசமாத் தெரியல. வெளியாளு கண்ணுக்குப் பாருங்க. எங்க வீட்டுப் புறவாசல்ல, போலீஸு சுட்டு ஒங்க தாத்தா விழுந்த எடத்துல பீடம். கடைசிச் செவ்வாயன்னைக்கு அதுக்குப் படையல் போட்டதும், ஒங்க வீட்டு ஆம்பள வந்து மொத எலையில உக்காந்து சாப்புடணும். அதுவரைக்கும் எங்க வீட்டுல ஒருத்தர் பல்லுல பச்சத் தண்ணி படாது. தொண்ணூறு வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு வருசம் தப்பல. மொதல்ல ஒங்க அப்பா. தாத்தா சாவும்போது அவியளுக்கு ஏழு வயசு, அடுத்த வருசமே எங்க உலகம்மா ஆச்சி கையப் புடிச்சிக் கூட்டியாந்து மடியில வச்சி ஊட்டுனாவளாம். அப்பாவுக்குப் பொறவு நீங்க. உளுந்தஞ்சோறு, எள்ளுத் தொவையலு, கோழிக்கொழம்பு. அன்னைக்கு தாத்தா சாப்புட்டது அதான.

அந்தச் சோத்துக்கு அரிசி வாய்க்காலடி வயல் நெல்லுலதான் எடுக்கணும். அந்த நெல்லு ஒரு மணி எங்க வாயில படக்கூடாது. மிச்சத்த வித்துருவோம், எங்களுக்கு ரேசன் அரிசி. சொந்த வயல வச்சிக்கிட்டு ரேசன் அரிசி திங்குத குடும்பம்னு ஊரு சிரிக்கும். பொறவு, நீங்க சாப்புட்ட எலைய வெளிய எறியமாட்டோம். நானே ரெண்டு கையால மடிச்சி எடுத்துட்டுப் போயி தென்ன மூட்டுல குழி வெட்டிப் பொதைப்பேன். கை கழுவ ஒங்களப் புறவாசலுக்கு விடமாட்டோம், உக்காந்த எடத்துலயே தாம்பாளத்தப் புடிச்சித் தண்ணி ஊத்துவோம். நீங்ககூட கேலி பண்ணுவீய, என்ன செல்லக்கிளி, புது மாப்ளைக்குச் செய்யுத மாதிரி செய்யுதியேன்னு. மரியாதன்னு நெனச்சீய. ஊரும் அப்படித்தான் நெனைக்கு.

ஜாபேஸுட்டயும் மரியாதன்னுதான் சொன்னேன். அவன் எழுதிக்கிட்டான். ஆனா நம்பல, அது மூஞ்சியிலயே தெரிஞ்சது.

மூணாம் நாளு ஊருக்குக் கெளம்புதேன் யக்கான்னு வந்தவன, இருலே தம்பி, சாப்புட்டுப் போன்னு உக்கார வச்சி எலை போட்டேன். உளுந்தஞ்சோறுதான் ஆக்கிருந்தேன். ருசிச்சிச் சாப்புட்டான். முடிச்சதும் எலையச் சுருட்டி எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு தெருவாசலுக்குப் போறான். ஆஸ்டல்ல வளந்த பழக்கமாம், தின்னவன் எலைய அவனேதான் எடுக்கணுமாம். சொவத்துக்கு அந்தப்பக்கம் தெருவுல எறியதுக்குக் கையத் தூக்குதான் அண்ணாச்சி. எனக்கு என்னாச்சுன்னே தெரியல. ஓடிப் போயி அவன் மணிக்கட்டப் புடிச்சிட்டேன். ஏலே, தெருப்பக்கம் எறியாதலேன்னு கத்திட்டேன். கொடையும் இல்ல ஒண்ணுமில்ல, வெறும் வெசாழக்கெழம. எவனோ தின்ன எலை எங்கன விழுந்தா எனக்கென்ன? கொழம்பு பூரா எஞ் சேலையில.

அவன் சத்தம் போடல. பைய கேட்டான், ஏன் யக்கான்னு. கேட்டுட்டுச் சும்மா நின்னான். அந்தச் சும்மா நின்னதுதான் எனக்குப் பொறுக்கல. சொல்லிட்டேன்.

என்ன சொன்னேன்னா? சொல்லுதேன். அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கேன். அந்த ட்யூபத் தண்ணியில முக்குங்க, ஓட்ட எங்கன இருக்குன்னு பாருங்க. ஒங்க கையி வேல பாத்தாத்தான் எனக்கு வாயி வரும்.

எங்க வீட்டுல ஒரு மொற உண்டு. மொத எலை போடுதவ யாரோ, அவளுக்கு மட்டும் ஒரு விசயம் சொல்லுவாவ. உலகம்மா ஆச்சி எங்க அம்மைக்குச் சொன்னாவ. எங்க அம்மைக்கு நான் ஒத்தப் பொட்டப்பிள்ள, அதனால வீட்டோட இருந்தேன், கையி மாறி எங்கையால ஒங்களுக்கு மொதத் தடவ எலை போட்ட வருசம் எனக்குச் சொன்னா. எங்க அப்பாவுக்கு முழுசாத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்குச் சுத்தமாத் தெரியாது. மூணு பொம்பளைய வயித்துக்குள்ள இருந்தத, ஒரு நாளு வெங்காயம் உரிச்சவன் கையில எடுத்துக் குடுத்துட்டேன்.

ஒங்களுக்குச் சொல்லாதத அவனுக்குச் சொன்னேன். அத நெனச்சா எஞ் செருப்பால என்னையே அடிக்கணும் போல இருக்கு.

சத்தியம் பண்ணுனான் அண்ணாச்சி. நான் கேக்கல, அவனாவே பண்ணுனான். வேதப்புத்தகத்து மேல ஆணை, இது நாடகத்துல வராது யக்கா, இது ஒங்க வீட்டு விசயம்னான். கண்ணுல தண்ணி வேற. எங்கையப் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனான். அடுத்த கொடைக்கு வாரேன்னான். நானும் அவனுக்கும் ஒரு பாக்கு வைக்கணும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன், பைத்தியாரி.

நேத்து அதக் காட்டுதான். நாடகம் முடிஞ்சிப் பேரெல்லாம் ஓடுது, நான் எந்திரிச்சி சட்டி கழுவப் போறேன், எம் மவ கூப்புடுதா, எம்மா இங்க பாருன்னு. பேச்சிமுத்து எலையில உக்காந்து சாப்புடுதான். ஒரு பொம்பள பரிமாறுதா. அவன் எந்திரிச்சி கை கழுவப் போறான். அவ அந்த எச்ச எலைய எடுத்துட்டுத் தெருப்பக்கம் வந்து, இந்தா இப்படி, சொவத்துக்கு மேல எறியுதா. எலை தெருவுல விழுது. வாய்க்காலுக்குள்ள படுத்துக் கெடந்த போலீஸு பூரா எந்திரிக்கான். எறிஞ்சிட்டு அவ சிரிக்கா. ஒதட்டு ஓரத்துல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புல கொண்டு நிறுத்திட்டு, நாளைக்குப் பாருங்கங்கான்.

ஆமா. சோறு போட்ட வீடே காட்டிக்குடுக்க மாதிரி. ஆமா அண்ணாச்சி, எங்க வீடுதான். வேற எந்த வீடு?

வாய்க்கு வந்தபடி ஏசாதீய, அந்தத் தம்பி பயந்து பாக்கான். எனக்கு மட்டும் கோவம் இல்லியா? விடிஞ்சதும் மொத சோலியா அவனுக்குத்தான் போன் போட்டேன். எடுத்தான். யக்கா, பேர மாத்திட்டோம், ஊர மாத்திட்டோம், ஒங்க வீடுன்னு ஒரு ஆளுக்குத் தெரியாதுங்கான். ஏலே, எலைய மண்ணுல பொதைக்குத வீடு இந்த ஆத்தங்கரையில இன்னொண்ணு காட்டுலேன்னேன். பேர மாத்துனியே, எலைய மாத்துனியான்னேன். நாடகம் பாக்குத ஆளு கொறஞ்சிட்டாம், சேனல்ல நெருக்குனாவளாம், வேற வழி இல்லியாம். வேதப்புத்தகம் என்னாச்சுலேன்னு கேட்டேன். மன்னிச்சிருங்க யக்கான்னான். மன்னிக்கதெல்லாம் இருக்கட்டும், அவளச் சிரிக்க வச்சியே ஏன், நான் அப்படியா சொன்னேன்னு கேட்டேன். போன வச்சிட்டான். பொறவு எடுக்கல. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டான். எம் புள்ளையா இருந்திருந்தா வெளக்குமாறு பிஞ்சிருக்கும்.

யாருக்குப் போன் போடுதீய? வக்கீலுக்கா? எந்த வக்கீலு, ஒங்க மவன் கூடப் படிச்ச கிருபைராஜா? வேண்டாம் அண்ணாச்சி. வைங்க. கேசெல்லாம் வேண்டாம். நாடகத்த நிறுத்த வேண்டாம், பிளக்ஸக் கிழிக்க வேண்டாம். கொஞ்சம் உக்காருங்க. ஒங்க மூஞ்சி செவந்து போச்சு.

எனக்காவக் கோவப்படுதீய பாத்தீயளா, அதத்தான் என்னால தாங்க முடியல.

எங்க கல்யாணத்துக்கு அண்ணந்தம்பி இல்லாத பொண்ணுன்னு மாப்ள வீட்டுல ஒரு பேச்சு வந்தப்ப, நான் இருக்கேம்லான்னு வந்து மணவடையில நின்னீய. எம் மவ சடங்குக்கு மாமன் சீரு தட்டு பதினொண்ணு தூக்கிட்டு வந்தீய, எங்க மதினி தாலிச் செயின அடகு வச்சிருந்தா அப்ப, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீய? இவருக்கு நெஞ்சுவலி வந்த அன்னைக்கு கடையத் தொறந்து போட்டுட்டு வேனப் புடிச்சி வந்து ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனீய. எதுக்கு? எங்க தாத்தாவுக்குக் கடைசிச் சோறு போட்ட வீடுன்னு. ஒவ்வொரு தடவையும் அதச் சொல்லித்தான் செய்வீய. ஒவ்வொரு தடவையும் எனக்கு இங்கன, தொண்டையில, முள்ளு மாதிரி ஒண்ணு நிக்கும். நல்லா இருங்க அண்ணாச்சின்னு சொல்லிட்டு முழுங்கிருவேன். முப்பத்திரெண்டு வருசமா முழுங்குதேன்.

கேசு போட முடியாது அண்ணாச்சி. பொய்யா இருந்தாத்தான கேசு போடலாம்.

குதிர பொய்யி. வெள்ளக்காரி பொய்யி. கடலு பொய்யி. இன்னைக்கு ராத்திரி அந்தப் பொம்பள எலைய எறியுதது நெசம். சிரிச்சது மட்டுந்தான் பொய்யி.

எறிஞ்சது எங்க உலகம்மா ஆச்சி. ஆனா எதுக்கு எறியச் சொல்லுதாவன்னு அவியளுக்குத் தெரியாது. எலை விழுந்தா ஆளு உள்ள இருக்கான்னு போலீஸுக்கு அடையாளம், இது எங்க தாத்தா செஞ்ச ஏற்பாடு. போலீஸு புடிச்சி மிரட்டுனானோ, வயலக் காட்டி ஆச காட்டுனானோ, ரெண்டுமோ, எனக்குத் தெரியாது. அவர நல்லவராக் காட்ட நான் வரல. ஒங்க தாத்தா ஒரு மாசமா மலைய விட்டு எறங்கல. எங்க தாத்தாதான் ஆளு விட்டு, வீட்டுல கோழி அடிச்சிருக்கு, உச்சிப்பொழுதுக்கு வந்துட்டுப் போன்னு சொல்லிவிட்டாரு. வந்தாவ. தரையப் பாத்துக்கிட்டே சாப்புட்டாவ. இன்னுங் கொஞ்சம் தொவையலு தாங்க தாயின்னு கேட்டு வாங்கிச் சாப்புட்டாவளாம்.

எச்ச எலையப் புறவாசல்ல மாட்டுக்குத்தான போடுவோம். அன்னைக்கும் ஆச்சி மாட்டுக்குப் போடத்தான் எடுத்துட்டுப் போனாவ. தாத்தா மறிச்சி, மாட்டுக்கு வயிறு கழியுது, எலையத் தெருப்பக்கம் எறின்னாராம். புருசன் சொன்னாரு. எறிஞ்சிட்டாவ. எறிஞ்சிட்டு, சொம்ப எடுத்துக்கிட்டுப் புறவாசலுக்கு வந்து ஒங்க தாத்தா கையில தண்ணி ஊத்துதாவ. சொம்புல பாதித் தண்ணி இருக்கும்போதே வெடிச் சத்தம். ஆச்சி மேல பூரா ரெத்தம். அந்தப்பக்கம் மாடு வைக்கலத் தின்னுக்கிட்டு நல்லாத்தான் நிக்கி. அதப் பாத்த பொறவுதான் அவியளுக்கு வெளங்கிச்சாம்.

வாய்க்காலடி வயலு வெள்ளக்காரன் எழுதிக் குடுத்தது. அதான் அந்த நெல்ல நாங்க திங்கல. ஆச்சி சாவுத வரைக்கும் எங்க தாத்தாட்ட பேசல, ஆனா ஒரே வீட்டுல இருந்தாவ, பிள்ள பெத்தாவ, சோறு போட்டாவ. எங்க போறது? எலை மண்ணுக்குள்ள போனதும், கை கழுவுத தண்ணி வீட்டுக்குள்ள வந்ததும் ஆச்சி போட்ட சட்டம். ஒங்கப்பாவ மடியில வச்சி ஊட்டுனாவல்லா, அதே கையிதான் எலைய எறிஞ்சது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு நான் அந்தப் பயல ஏசுதேன். உண்ண வந்தவனுக்கு ரெண்டகம் பண்ணுன வீட்டுக்கு என்ன பேரு இருக்கு அண்ணாச்சி? எனக்குத் தெரியல.

சொல்லிருக்கலாம். எங்க அம்மையும் சொல்லிருக்கலாம், நானும் சொல்லிருக்கலாம். சொன்னா நீங்க வரமாட்டீய. அது ஒண்ணுதான் பயம். மொத எலை காலியாக் கெடந்தா அதப் பாத்துக்கிட்டு நான் எப்படி இருக்க? அந்தப் பய சொல்லுததுக்கு முந்தி எம் வாயால கேட்டுக்கிடட்டும்னு காலையில பச்சத் தண்ணிகூடக் குடிக்காமக் கெளம்பி வந்தேன்.

என்ன அண்ணாச்சி, டயருப் பக்கம் திரும்பிட்டீய? ஏசவாவது செய்யுங்க.

சரி. தம்பிக்கு டயர மாட்டி விடுங்க, வெயில்ல நிக்கான். மஞ்சப்பைய இங்கன ஸ்டூலு மேல வைக்கேன். எடுத்தா எடுங்க, இல்லன்னா நான் போவும்போது தூக்கிட்டுப் போயிருதேன். ஆத்துல விட்டுருவேன், வீட்டுக்குக் கொண்டு போவமாட்டேன்.

அண்ணாச்சி, நாக்கு ஒட்டுது எனக்கு. அந்தக் கொடத்துல ஒரு செம்பு தண்ணி மோந்து தாரீயளா?